பர்சோன் எடுத்த பேக்கப்

பக்கத்து மேஜையில் ஃபோன் அடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினான்கு வருஷம், கம்ப்யூட்டர் என்று யார் வாயைத் திறந்தாலும் என் மேஜை ஃபோன்தான் அடித்தது. எரிச்சலாக எடுப்பேன், திட்டிக்கொண்டே போவேன், ஆனால் போவேன். அடிக்கிற ஃபோன் இவ்வளவு பெரிய சொத்து என்பது அது அடிக்காமல் போன பிறகுதான் தெரிந்தது.

ஹைதராபாத் உப்பலில் பிரஷர் கேஜ் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இருநூறு மெஷின் இருக்கும். மாதாமாதம் வருகிற அப்டேட்டுகளைக் கிட்டத்தட்ட அத்தனையிலும் ஏற்றி, ஏற்றியதால் எதுவும் கெடவில்லையே என்று பார்த்து, கெட்டிருந்தால் பழைய நிலைக்குத் திருப்புவது அதில் பாதி. பார்ப்பவர்களுக்கு இது பட்டனை அமுக்குகிற வேலை. நான் பட்டனை நம்புகிறவள் இல்லை. ஒவ்வொரு மேஜையாகப் போய், ஆளை எழுப்பிவிட்டு, அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஏற்றுவேன். ஒரு சுற்று முடிய மூன்று வாரம் ஆகும். முடிக்கும்போது அடுத்த மாதத்து அப்டேட் வந்து நிற்கும். அதனால் என்ன, எந்த மெஷினுக்கு எப்போது ஜலதோஷம் பிடிக்கும் என்பதுவரை எனக்கு அத்துப்படி.

எங்கள் பிரிவின் தலைவர் அந்த மார்ச்சில் ஓய்வு பெறுவதாக இருந்தது. அவர் நாற்காலி எனக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேறு யார் இருக்கிறார்கள்?

அப்போதுதான் அவள் கோயம்புத்தூர் கிளையிலிருந்து மாற்றலாகி வந்தாள். எனக்கு நாற்பத்தாறு, அவளுக்கு முப்பத்திரண்டு. முதல் நாள் என் மேஜைக்கு வந்து, "அக்கா, நீங்களும் தமிழுங்களாக்கா?" என்றாள். எனக்கு வாயெல்லாம் பல். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருந்தாலும் எங்கள் வீட்டில் இன்னும் திருநெல்வேலித் தமிழ்தான். நடுநடுவே இந்த ஊர்த் தக்கினி உருதுவின் ஹவ்வும் நக்கோவும் வந்து விழும், அதை நாங்கள் கவனிப்பதுகூட இல்லை. என் பெண்ணிடம் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்வாள். ஆபீஸில் தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தது என்று நான்தான் அவளுக்கு மௌலா அலியில் வீடு பார்த்துக் கொடுத்தேன். என் வீடு இருக்கும் லோத்குண்டாவிலிருந்து வரும் வழியில் தினமும் அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டும் வந்தேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

இரண்டே மாதத்தில் அவள் எல்லா மெஷினையும் சர்வரில் மூன்று குழுவாகப் பிரித்தாள். முதலில் எங்கள் பிரிவின் பத்து மெஷின்களில் அப்டேட் போகும். ஒரு வாரம் ஒன்றும் கெடாவிட்டால் ஆபீஸ் முழுக்க. லேப் மட்டும் கடைசியில், அதை இன்னும் சேர்க்கவில்லை. யார் மேஜைக்கும் போக வேண்டாம். மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள், எல்லோரும் சாப்பிடும் நேரத்தில், தானாக ஏறிவிடும்.

ஒரே ஒரு தடை இருந்தது. சாப்பிடப் போகும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போவது எங்கள் ஆபீஸ் வழக்கம். பழைய முதலாளி காலத்துக் கண்டிப்பு, எல்லோர் கையிலும் ஊறிப்போயிருந்தது. அணைத்த மெஷினில் அப்டேட் எப்படி ஏறும்? நான் வருஷக்கணக்காக இங்கிலீஷில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், ஒருவரும் படித்ததில்லை. அவளும் அனுப்பிப் பார்த்தாள். நூற்றுச் சொச்சம் பேர் அணைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டார்கள். எனக்கு அன்று டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதம்கூட ருசியாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டியின் பின்னாலிருந்து கேட்டாள். "நீங்க அடிக்கடி நக்கோ நக்கோங்கிறீங்களே, அப்படின்னா என்னங்க்கா?"

"வேண்டாம்னு அர்த்தம் பிள்ள. செய்யாதேன்னும் சொல்லலாம். இந்த ஊர்ல அதச் சொன்னா எவனும் கேப்பான்."

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோர் திரையிலும் ஒரு வரி வந்தது. 'பி.சி. பந்த் நக்கோ கரோ. கானா காகே ஆவ்.' அணைக்காதீங்க, சாப்பிட்டுவிட்டு வாங்க, அவ்வளவுதான். ஆபீஸே சிரித்தது. கேன்டீனில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து "பந்த் நக்கோ கரோ" என்று சொல்லிச் சிரித்தார்கள். ஒரு மெஷின்கூட அணையவில்லை. நான் மூன்று வாரம் செய்கிற வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மேனேஜர் நேரில் வந்து, கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண் ஹைதராபாத்தை இவ்வளவு சீக்கிரம் பிடித்துவிட்டாளே என்று பாராட்டினார். அவள், "அக்காதாங்க சொல்லிக் குடுத்தாங்க" என்று என்னைக் காட்டினாள். மேனேஜர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார். அடக்கமான பெண் என்ற பெயரும் அவளுக்கே சேர்ந்தது.

வயிறு எரிந்தது. நக்கோ என் வார்த்தை. பால் குடிக்கிற காலத்திலிருந்து என் வாயில் இருக்கிற வார்த்தை. அதை நோட்டீஸில் போடலாம் என்று எனக்கு ஏன் பதினான்கு வருஷமாகத் தோன்றவில்லை? அதுதான் எரிச்சலின் அடி. அன்று ராத்திரி சாப்பாட்டில் என் வீட்டுக்காரர், "ஏட்டி, அந்தப் பிள்ளையப் பத்திப் பேசாம ஒரு வாய் சாப்பிட மாட்டியா?" என்றார். நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன். இனி அவளுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுப்பதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். நாற்பத்தாறு வயதில், கல்யாணத்துக்கு இருக்கிற பெண்ணுக்குத் தாய், இப்படி ஒரு சத்தியம்.

அதற்குப் பிறகு அடித்ததெல்லாம் அவள் ஃபோன்தான். மார்ச் வருகிறது. நாற்காலி இனி என்னுடையதா அவளுடையதா என்று கேன்டீனில் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். மேனேஜர் ஒன்று சொன்னார்: லேப் மெஷின்களையும் இந்த முறைக்குள் கொண்டுவந்துவிட்டால் முடிவு சுலபம்.

லேப் என்பது தயாரான கேஜ்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பரிசோதிக்கும் இடம். அங்கே மூன்று கம்ப்யூட்டர்கள். ஒவ்வொரு கேஜின் அளவும் அவற்றில்தான் பதிவாகும். அவற்றை நான் ஒருநாளும் தொட்டதில்லை. பழைய மெஷின், பழைய சாஃப்ட்வேர், அப்டேட் ஏற்றினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. லேப் பொறுப்பில் இருந்தவர் பழைய நகரத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், எல்லோரும் அவரை லேப் சாப் என்போம். அவரும் அவற்றைத் தொட விடமாட்டார். அவளுக்கு மட்டும் எப்படி விட்டார் என்று கேட்காதீர்கள். "சலாம் சாப், நக்கோ போலுங்கோ நக்கோ" என்று அவள் கொங்குத் தமிழையும் தக்கினியையும் கலந்து, வேண்டாம் என்று சொல்லாதீங்க என்கிற மாதிரி எதையோ சொல்ல, அந்த மனுஷர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாராம்.

ஒரு வியாழக்கிழமை அவளும் நானும் லேபுக்குப் போனோம். அப்டேட்டுக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கடைசியாக பேக்கப் எடுத்தது எப்போது என்று அதில் ஒரு கட்டம் உண்டு. ஏதாவது கெட்டுப்போனால் அந்த பேக்கப்பிலிருந்துதான் எல்லாவற்றையும் திருப்ப முடியும். கீழே இரண்டு கையெழுத்து: செய்பவர், சரிபார்த்தவர். சரிபார்த்தவர் நான்.

அவள் தன் பள்ளிக்கூட இந்தியில் கேட்டாள். லேப் சாப் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "பேக்கப்? ஹவ், ஹை நா மா. பர்சோன்ச் லியா மைன்." இருக்கிறதே அம்மா, பர்சோன்தான் எடுத்தேன் என்று அர்த்தம்.

இந்திப் புத்தகத்தில் பர்சோன் என்றால் நேற்றைக்கு முந்தின நாள். அவள் விரல் விட்டு எண்ணி, படிவத்தில் 'செவ்வாய்க்கிழமை' என்று எழுதினாள்.

ஆனால் இது ஹைதராபாத். இங்கே பர்சோன் என்றால் கடந்துபோன ஏதோ ஒரு நாள். முந்தாநாளாகவும் இருக்கலாம், போன மாதமாகவும் இருக்கலாம். என் அம்மா "பர்சோன் ஒரு நாள்" என்று ஆரம்பித்தால் அது நான் பிறப்பதற்கு முந்தின கதையாகக்கூட இருக்கும். இந்த ஊரில் வளர்ந்த எவருக்கும் பர்சோன் காதில் விழுந்ததும் அடுத்த கேள்வி தானாக வாயில் வரும்: எந்த பர்சோன்?

என் வாயிலும் வந்தது. நாக்கின் நுனிவரை வந்ததை நான் விழுங்கினேன். ஒரு வார்த்தை கொடுத்தே நாற்காலி ஆட்டம் கண்டிருக்கிறது, இன்னொன்றையும் தூக்கிக் கொடுப்பார்களா? முந்தாநாள் எடுத்தாலும் எடுத்திருப்பார், நமக்கென்ன தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம். லேப் சாப் ஜும்மா தொழுகைக்குப் போவார், லேப் காலியாக இருக்கும் என்றுதான் அவள் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு மெஷின்கள் ஒழுங்காக ஏற்றிக்கொண்டன. மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, அணைந்து எழுந்தது, நீலத் திரையைக் காட்டியது, மறுபடி அணைந்தது. பழைய நிலைக்குத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு தடவை. நடக்கவில்லை. மணி ஒன்றரை.

"சரிங்க்கா. முழுசா அழிச்சுட்டுப் புதுசா ஏத்திரலாம். செவ்வாய்க்கிழமை பேக்கப் இருக்குதில்லீங்க, ரெண்டு நாள் ரீடிங்தான் போகும். அதக் கையில அடிச்சுக்கலாம்."

பேக்கப் டிஸ்க் லேப் சாப்பின் அலமாரியில் இருந்தது, சாவி அவர் ஜிப்பாப் பையில், ஜிப்பா மசூதியில். டிஸ்கைக் கண்ணால் பார்க்காமல் மெஷினை அழிக்கக் கூடாது. அது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவள் பக்கமும் தப்பு இருக்கிறது, அதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கொஞ்சம் பொறு, சாப் வரட்டும் என்று சொன்னால் போதும். சொன்னால், ஏன் என்று கேட்பாள். அப்போது நேற்றே எனக்குத் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டிவரும். அவள் பட்டனை அமுக்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டேகாலுக்கு லேப் சாப் வந்து அலமாரியைத் திறந்தார். டிஸ்கில் இருந்த பேக்கப் போன ரம்சானுக்கு முந்தினது. கிட்டத்தட்ட பதினோரு மாதத்து அளவுகள் போய்விட்டன.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "பர்சோன்னுதானுங்க சொன்னாரு" என்று மட்டும் சொன்னாள். லேப் சாப்பும் அதையே சொன்னார்: "பர்சோன் போலா நா மா." இரண்டு பேரும் உண்மைதான் சொன்னார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஒரு பத்து நிமிஷம் நன்றாகவே இருந்தது.

திங்கள்கிழமை மேனேஜர் அறையில் விசாரணை. நாங்கள் நான்கு பேர்தான். மேனேஜருக்கு முதலில் லேப் சாப் மேல்தான் கோபம். பதினோரு மாதமாக பேக்கப் எடுக்காமல் இருந்துவிட்டு முந்தாநாள் என்று பொய் சொன்னாரா என்று கேட்டார். லேப் சாப் எழுந்து நின்றார். முப்பது வருஷமாக இங்கே இருக்கிறேன், சோம்பேறி என்று சொல்லுங்கள் ஏற்றுக்கொள்கிறேன், பொய்யன் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றார். பிறகு, என்ன சொன்னாரோ அதை அப்படியே இன்னொரு தடவை சொல்லிக் காட்டினார்.

மேனேஜர் வாரங்கல்காரர், முப்பது வருஷமாக இந்த ஊரில் இருப்பவர். பர்சோன் என்று கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அவளிடம் தெலுங்கில் சொன்னார்: "அம்மா, இக்கட பர்சோன் அன்டே எப்புடைனா காவச்சு." இந்த ஊரில் பர்சோன் என்றால் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம்.

அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

மேனேஜர் படிவத்தை எடுத்தார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. "மீரு பக்கனே உன்னாரு கதா?" என்றார் என்னிடம். நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள், இந்த ஊரிலேயே பிறந்தவராயிற்றே?

பதில் அவளிடமிருந்து வந்தது.

"இல்லீங்க சார். அக்கா அப்போ வெளிய ஃபோன் பேசிட்டிருந்தாங்க. அவர் சொன்னது அவங்க காதுல விழல. நாந்தான் அப்புறமா கையெழுத்து வாங்கினேன்." இங்கிலீஷிலும் தெலுங்கிலும் கலந்து இதைச் சொன்னாள். டிஸ்கைப் பார்க்காமல் அழித்தது தன் தப்பு என்றும், லேப் சாப் பொய் சொல்லவில்லை என்றும் சொன்னாள். லேப் சாப் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேனேஜர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

மார்ச் கடைசியில் நாற்காலி எனக்கு வந்தது. அவசரப்படாதவர், நிதானமானவர் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் கேக் வாங்கி வந்தார். ஃபோன் மறுபடி என் மேஜையில் அடிக்க ஆரம்பித்தது.

அவள் தினமும் மத்தியானம் லேபில் உட்கார்ந்து, ஃபைல்களில் இருந்த அச்சுப் பிரதிகளைப் பார்த்து, போன அளவுகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தாள். லேப் சாப் வாசிப்பார், அவள் அடிப்பாள். அவர் வீட்டிலிருந்து வந்த, மசாலா தாளித்த பகாரா சோற்றைப் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள். கதவுக்கு வெளியே போகும்போதெல்லாம் உள்ளே சிரிப்புக் கேட்கும். நாற்காலி கைக்கு வந்த பிறகும் எனக்கு அந்தச் சிரிப்பின் மேல் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? பதினான்கு வருஷத்தில் அந்த மனுஷர் எனக்கு ஒரு வாய் சோறு நீட்டியதில்லை. தோற்றவள் அவள், இப்படி இருக்கிறாளே என்றிருந்தது. எனக்காகப் பொய் சொல்லும் பெரிய மனசும் அவளுக்கே வாய்த்தது.

ஸ்கூட்டியில் மட்டும் இருவரும் சேர்ந்துதான் போய்க்கொண்டிருந்தோம். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் நிறுத்தத் துணிச்சல் வரவில்லை. ஏப்ரலில் ஒரு நாள், அவளை இறக்கிவிடும் தெருவுக்குக் கொஞ்சம் முன்னால், முன்பக்கம் பார்த்தபடியே கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க மாட்டேன்.

"அன்னைக்கு ஏன் பிள்ள அப்படிச் சொன்னே? நான் ஃபோன் பேசவே இல்லியே."

லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

"அந்த வேலை உங்களுக்கு அவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியாதுங்க்கா. நான் ரெண்டு வருஷத்துல கோயம்புத்தூருக்கே போயிருவேன், எழுதிக் குடுத்துத்தான் வந்திருக்கேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேனுங்க."

தெருமுனை வந்துவிட்டது. நிறுத்தினேன். அவள் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நான், "எனக்கு அது காதுல சரியா விழல பிள்ள, சத்தியமா" என்றேன். பழக்கம், வாயில் தானாக வந்தது.

"விழுந்துச்சுங்க்கா" என்றாள், கோபமே இல்லாமல். "அவரு பர்சோன்னு சொன்னதும் நீங்க லேசா சிரிச்சீங்க. எதுக்குச் சிரிச்சீங்கன்னு அன்னிக்கு எனக்குப் புரியல."

நாளைக்கு எட்டே காலுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வண்டியைக் கிளப்பாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நான் சிரித்தேன் என்பது அதுவரை எனக்கே தெரியாது.